பி பக்கத்தின் முதல் சத்தம்

மூன்றாவது பெட்டியிலும் எலி இருந்தது. வெள்ளைத்துரை மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"எயிட்டி சிக்ஸுன்னியே பாய். இன்னா மாசம்?"

"ஆகஸ்ட்டு. ரெண்டாவது சனிக்கிழம. அடையாறு காலேஜ் ஆடிட்டோரியம்."

"அப்ப நாலாவது பொட்டில கீது. இல்லேன்னா இல்ல."

சாந்தோமில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கிடங்கு அது. வெள்ளைத்துரை நாற்பத்தைந்து ஆண்டுகளாக மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கிடங்கின் முன்பாதியில் கல்யாண மண்டபங்களுக்குப் போகும் ஆளுயர ஸ்பீக்கர்களும் எல்.இ.டி. திரைகளும் இருந்தன. பின்பாதியில் கிழிந்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் கேசட்டுகள் இருந்தன. வாடகைக்குப் போன ஒவ்வொரு இடத்திலும் எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸரோடு டெக்கை இணைத்து அவர் ஒரு கேசட்டை ஓடவிட்டிருக்கிறார்.

"பாட்டுக்காவவா?" என்று நூர் முஹம்மது கேட்டார்.

"பாட்டு யாருக்கு ஓணும்? நிகழ்ச்சி நடுவுல கூ-ன்னு சத்தம் வந்தா மைக் செட்டுக்காரன் தலைல கட்டிடுவானுங்க. டேப்பு ஓடிக்கினு இருந்தா போட்டுக் காட்டலாம். பாருங்க சார், உங்க ஆளு மைக்க ஸ்பீக்கராண்ட எடுத்துக்கினு போனாருன்னு."

"யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

"நாப்பது வருசத்துல ரெண்டு பேரு. நீ மூணாவது."

நூர் முஹம்மதுக்கு வயது அறுபத்தொன்று. கச்சேரி ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாலாவது பெட்டியைத் திறந்தார். அதில் எலி இல்லை. பழைய எலி இருந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. அரை மணி நேரத்தில் கேசட் கிடைத்தது. அதன் மேல் சிவப்புப் பேனாவில் 'அடயாறு காலேஜ் இங்கிலீஷ் பாட்டு, 4 மைக்' என்று எழுதியிருந்தது.

அவர் அதை உடனே சட்டைப் பையில் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னா பாய், தங்கமா?" என்றார் வெள்ளைத்துரை.

"மூணு நிமிசம் கீது இதுல."

"தொண்ணூறு நிமிசம் டேப்பு அது."

"எனக்கு மூணு நிமிசம் போதும்."

*

நூர் முஹம்மதின் அப்பா வைத்த கடை அது. பத்தொன்பது வயதில் நூர் அதில் உட்கார்ந்தார். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்ப்பது அவர் வேலை. கை ஓடிக்கொண்டிருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. பர்மா பஜாரில் ஒருவர் கொடுத்த கேசட்டில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் நடந்த ராக் கச்சேரி இருந்தது. அட்டையில் ஊர் பெயர் தவறாக இருந்தது. பாட்டு பாதியில் ஆரம்பித்தது. யாரோ ஒருவர் மைக்குக்குப் பக்கத்தில் பதினொரு முறை இருமினார். நூர் அந்தக் கேசட்டை ஆறு மாதம் கேட்டார்.

அதிலிருந்து அவர் ஸ்டூடியோவில் பதிந்த பாட்டைக் கேட்பதில்லை. அங்கே பாட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது அவர் குறை. மேடையில் பதிந்ததில் எல்லாம் இருக்கும். அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லும்போது பாடகனுக்கு மூச்சு வாங்கும். டிரம்ஸ்காரன் ஒரு சுற்று முந்திப் போய்விடுவான். மற்ற மூவரும் அவனைத் துரத்திக்கொண்டு ஓடி எட்டாவது வினாடியில் பிடிப்பார்கள். அந்த எட்டு வினாடிக்காக ஒரு கேசட்டை நூறு தடவை கேட்கலாம் என்பார். மழையில் நடந்த கச்சேரியில் கிடாரின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பாடகன் அதை கவனித்துத் தானும் கூடவே இறங்குவான். ஒரு ஜெர்மன் ஊரில் பாட்டு முடிந்ததும் கூட்டம் நான்கு வினாடி சும்மா இருக்கிறது. பிறகு தட்டுகிறது. சும்மா இருந்த நான்கு வினாடி அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதற்கெல்லாம் அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கேசட் எண், தேதி, ஊர், யார் இருமினார், எந்த இடத்தில் தவறியது, எப்படிச் சமாளித்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் கைதட்டல்கள் தரவரிசைப்படி இருக்கின்றன. மரியாதைக்குத் தட்டுவது, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தட்டுவது, தெரிந்த பாட்டு என்பதற்காகத் தட்டுவது, என்ன நடந்தது என்று புரியாமல் தட்டுவது. எதுவானாலும் கேட்டவுடன் சொல்லிவிடுவார்.

"மத்த வூட்டு ஆம்பளைங்க பாட்டு கேப்பாங்க," என்பார் அவர் மனைவி அஸ்மத்துன்னிசா. "இவரு கைதட்டலக் கேப்பாரு."

நூருக்கு ஒரு விதி உண்டு. மேடைப் பதிவில் எதையும் வெட்டக் கூடாது. ராட்டர்டாமில் ஒரு தபால்காரர் இருபது ஆண்டுகள் அவருடன் கேசட் பரிமாறிக்கொண்டார். அவருக்கு நூர் அனுப்பியது பங்குனித் திருவிழா. சுவாமி ஊர்வலம் திரும்பும் முனையில் நாகஸ்வரத்தைப் பதிந்து அனுப்புவார். பலூன்காரரும் அதில் இருப்பார். ஒருமுறை தபால்காரர் பதிலுக்கு அனுப்பிய கேசட்டில் பாட்டுகளுக்கு நடுவிலிருந்த பேச்சை வெட்டிவிட்டார், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக. நூர் இரண்டு வருடம் அவருக்குக் கடிதம் எழுதவில்லை.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள். அவற்றில் அவரே நேரில் போய்ப் பதிந்த ராக் கச்சேரி ஒன்றுதான்.

*

பக்கிங்ஹாம் கனால் என்பது நான்கு பேர் சேர்ந்த இசைக்குழு. அதில் கிடார் வாசித்தவர் கிரீஷ். மயிலாப்பூரில் நூரின் கடைக்கு எதிர்ச் சந்தில் வீடு. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகம். குழு ஒன்றரை வருடம் இருந்தது. ஐந்து கச்சேரி செய்தது. கடைசியும் பெரியதும் அடையாறு கல்லூரியில், எண்பத்தாறு ஆகஸ்டில், பிற்பகல் மூன்றரை மணிக்கு.

வாசலில் பதிவு செய்யக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நூர் டேப் ரெக்கார்டரைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டு போனார். பேட்டரியில் ஓடுவது. பொத்தானை அழுத்தினால் மூன்று வரிசைக்குக் கேட்கும். ஓரத்தில் ஒரு மாணவர் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றிருந்தார். அதனால் ஏ பக்கம் முடியும் நேரத்தில் நூர் பையுடன் எழுந்து வெளியே போனார். ஐந்தாவது பாட்டில் கிரீஷ் தனியாக வாசிக்கும் கிடார் சோலோ ஆரம்பித்த இடம் அது. இன்னும் நீளும், அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

கழிப்பறையில் பல்ப் எப்போதும் கிடையாது. மேலே கம்பி போட்ட ஓட்டை வழியாக வெயில் வந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. கேசட் உள்ளே சிக்கிக்கொண்டது. எடுத்து, திருப்பி, போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு வந்தார்.

அதனால் பி பக்கம் இப்படி ஆரம்பிக்கும். தண்ணீர் விழும் சத்தம். செருப்புச் சத்தம். கதவு. பிறகு ஆரவாரம். நானூறு பேர் ஒரே மூச்சில் எழுப்பியது. விசில், பெஞ்சைத் தட்டுவது, யாரோ 'ஏய்ய்' என்று இழுப்பது. பதினாறு வினாடி. அதற்குப் பிறகு நான்கு பேரும் சேர்ந்து பாட்டை முடிக்கிறார்கள்.

கச்சேரி முடிந்து டீக்கடையில் நூர் கேட்டார்.

"இன்னாடா வாசிச்ச?"

"நீ கேக்கலையா?"

"டேப்பு மாத்தப் போயிட்டேன்."

கிரீஷ் டீயைக் குடித்தார். "போச்சு போ," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வருடம் குழு கலைந்தது. பேஸ் வாசித்தவர் நியூஜெர்ஸிக்கும் பாடகர் சிட்னிக்கும் போனார்கள். கிரீஷ் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்து, கிடாரைப் பீரோ மேல் வைத்தார். கேசட் பிரதிகளாகப் பரவியது. கேட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு முன்னால் என்ன வாசித்தான்? சுமார் மூன்று நிமிஷம் என்றார் கிரீஷ். அதற்கு மேல் சொல்லமாட்டார். நோட்டில் அந்தக் கைதட்டலுக்கு முதலிடம் கொடுத்தார் நூர். வெளிநாட்டுக் கேசட்டுகள் எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை.

கிரீஷ் நூரை யாருக்கு அறிமுகம் செய்தாலும் ஒரே வாக்கியம்தான். "இவன்தான் என் சோலோவத் தின்னவன்." கல்யாணத்தில் சொன்னார். பையனின் பூணூலில் சொன்னார். நூரின் அப்பா இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்த இடத்திலும் ஒருவரிடம் சொன்னார். நூர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். முப்பத்தெட்டு வருடமாக அது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளைக்கு முன் கிரீஷின் மனைவி ஸ்ரீரஞ்சனி கடைக்கு வந்தார். பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவர். சுற்றி வளைக்க மாட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இவருக்கு சஷ்டியப்தபூர்த்தி. சாயங்காலம் ரிசப்ஷன்ல உங்க டேப்பப் போடலாம்னு ஹரி சொல்றான். அந்த மூணு நிமிஷம் வேற யார்ட்டயாவது இருக்குமா நூர்? நீங்க வேற பிரெசென்ட்டே தர வேண்டாம். எப்பப் பாத்தாலும் அதையேன்னா சொல்லிண்டிருக்கார்."

நூர் அன்றைக்கே தேட ஆரம்பித்தார். அந்தக் கல்லூரிக்கு மைக் செட் போட்டது யார் என்று கண்டுபிடிக்க ஆறு நாள் ஆயிற்று.

*

சாந்தோமிலிருந்து அவர் நேரே கடைக்கு வந்தார். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, கடையில் யாரும் இல்லை. கேசட்டைத் துடைத்துப் பழைய டெக்கில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஐந்தாவது பாட்டுவரை ஓட்டினார்.

கிடார் தனி ஆரம்பித்தது. சுத்தமாக இருந்தது. மேடைக்கு நடுவில் நிற்பதுபோல் கேட்டது. கிரீஷ் மேலே போனார், ஒரு சுரத்தைப் பிடித்து வளைத்தார், இன்னும் மேலே போனார். இருபத்திரண்டாவது வினாடியில் எல்லாச் சத்தமும் ஒன்றாக இறங்கியது. கிடார், டிரம்ஸ், எல்லாம் குழைந்து, கீழே கீழே போய் நின்றது. உடனே கீழேயிருந்து ஒரு முனகல் ஏறி வந்தது. தூரத்தில் கூட்டம் கத்துவது லேசாகக் கேட்டது. மைக்குக்கு அருகில் கிரீஷின் இருபத்திரண்டு வயதுக் குரல் சொன்னது: "வந்துடுத்தா?" டிரம்ஸ்காரர் நாலு எண்ணினார். பாட்டை முடித்தார்கள்.

டேப் கெட்டுவிட்டது என்று நினைத்தார். இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெள்ளைத்துரைக்குப் போன் செய்தார்.

"டேப்புல நடுவுல இழுக்குது."

"கரண்ட் போச்சே பாய் அன்னிக்கு. டெக்கு நின்னுட்டிருக்கும். எனக்கு நல்லா ஞாபகம் கீது. ஜெனரேட்டர் இல்ல. நான் போயி வடை துன்னுட்டு வந்தேன். மூணு நிமிசமோ நாலு நிமிசமோ. நீ அங்கதான இருந்த?"

"பாத்ரூம்ல இருந்தேன்."

"அப்ப சரி," என்றார் வெள்ளைத்துரை.

நூர் தன்னுடைய கேசட்டை எடுத்து பி பக்கத்தின் ஆரம்பத்தைப் போட்டார். தண்ணீர், செருப்பு, கதவு, ஆரவாரம். 'ஏய்ய்' என்ற இழுப்பு. சின்ன வயதில் தெருவில் விளக்கு திரும்பி வரும்போதெல்லாம் அவரும் அப்படித்தான் கத்தியிருக்கிறார். முப்பத்தெட்டு வருடமாக அதை ஒரு கிடார் தனிக்கான கைதட்டல் என்று எழுதிவைத்திருக்கிறார்.

அவர் எதையும் தின்னவில்லை. தின்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அதில் அவருக்கு எவ்வளவு நிம்மதி வந்திருக்க வேண்டுமோ அவ்வளவு வரவில்லை. கைதட்டலை அடையாளம் காண்பதில் தவறிவிட்டதுதான் முதலில் உறைத்தது.

*

சனிக்கிழமை அவருடைய மகள் சிம்ரா இரண்டு கேசட்டையும் கணினியில் ஏற்றி, பென் டிரைவில் இரண்டு ஃபைலாகப் போட்டுக் கொடுத்தாள். ஒன்று நூருடையது. இரண்டாவது வெள்ளைத்துரையுடையது.

"ரெண்டாவதப் போடுங்கப்பா," என்றாள். "எத்தன வருசமா எல்லார் முன்னாடியும் உங்கள நிக்க வெச்சாரு. ஒரு தடவ எல்லாரும் கேக்கட்டும்."

"அறுபதாம் கல்யாணத்துல போயா?" என்றார் அஸ்மத்துன்னிசா. "முன்னூறு பேரு சாப்பாட்டுக்கு வந்திருப்பாங்க. கழுத்துல மாலையோட நிக்கிற மனுசன் மானத்த வாங்குவீங்களா?"

"அப்ப அப்பா மானம்?"

"அவருக்கு அது பழகிடுச்சு."

"வெட்டக் கூடாது," என்றார் நூர். "இருக்கறத மறைச்சா அதுவும் வெட்டறதுதான்."

"அப்ப போடுங்க."

"போடறேன்னு சொல்லல."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நூர் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார்.

*

மண்டபம் ராஜா அண்ணாமலைபுரத்தில். கிரீஷின் மகன் ஸ்ரீஹரி பின்பக்க மூலையில் லாப்டாப்புடன் உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு வயது, தாடி, பட்டு ஜிப்பா. பென் டிரைவைச் செருகினான்.

"ரெண்டு ஃபைல் இருக்கே அங்கிள். எது போடணும்? ஐயோ, அந்த மூணு நிமிஷம் கெடச்சுடுத்தா?"

"இரு. உங்கப்பாவப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

மேடைக்கு வரிசை நின்றது. முன்னால் நாற்பது பேர். வரிசை நகர்வதற்குள் ஸ்ரீஹரி குறுக்கு வழியாக மேடைக்குப் போய் அப்பாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். நூர் மேலே ஏறியபோது ஸ்ரீரஞ்சனி அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிரீஷ் மாலையுடன் நின்றிருந்தார். இருவரும் கேமராவைப் பார்த்து நின்றார்கள்.

"கெடச்சுதாமே," என்றார் கிரீஷ், உதடு அசையாமல்.

"கெடச்சுது."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"சார், இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றார் போட்டோகிராஃபர். கிட்டப் போனார்கள்.

"கரண்ட் போச்சுன்னு ஏண்டா சொல்லல?"

"நீ கேக்கலையே."

"இன்னா வாசிச்சேன்னு கேட்டேனே."

"போச்சு போன்னேன். போச்சுதானே?"

"சிரிங்க சார்."

சிரித்தார்கள்.

"மறுநாள் சொல்லிடலாம்னுதான் வந்தேன்," என்றார் கிரீஷ். "நீ கடைல உக்காந்து அழுதுண்டிருந்தே. எப்படிடா சொல்றது?"

"நான் அழல. லென்ஸ் தூள் கண்ணுல பூந்துச்சு."

"அப்பறம் எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டா. நன்னா இருந்தது."

"எது?"

"எல்லாரும் கேட்டது."

போட்டோகிராஃபர் கையைக் காட்டினார். அடுத்த குடும்பம் படியேறிவிட்டது.

"ரெண்டு ஃபைலு இருக்கு," என்றார் நூர். "உன் பையன் எதப் போடணும்னு கேக்கறான்."

கிரீஷ் மாலையைக் கொஞ்சம் தூக்கி விட்டுக்கொண்டார். கழுத்தில் அரித்திருக்க வேண்டும். "உன் டேப்பு," என்றார். "நீ சொல்றதுதான்."

நூர் மேடையிலிருந்து இறங்கினார். மண்டபத்தின் நீளம் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. வழியில் இரண்டு பேர் அவரை நிறுத்தி, சோலோவைத் தின்றவர் நீங்கள்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றார்.

"எது அங்கிள்?"

"மொதல் ஃபைலு."

"அப்ப ரெண்டாவது?"

"அதுல ஒண்ணுமில்ல. டேப்பு நின்னுபோச்சு."

ஸ்ரீஹரியின் முகம் தொங்கிவிட்டது. நூர் பென் டிரைவை அவன் கையோடு விடவில்லை. முதல் ஃபைலை லாப்டாப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு பதிவிலிருந்து அவர் எதையாவது வெட்டியது அதுதான் முதல் தடவை.

ஸ்ரீஹரி மைக்கில் அறிவித்துவிட்டு ஐந்தாவது பாட்டைப் போட்டான். பாதிப்பேர் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கிடார் மேலே போனது, ஏ பக்கம் முடிந்தது. தண்ணீர் விழுந்தது. செருப்புச் சத்தம் மண்டபம் முழுக்க நடந்தது. கதவு. ஆரவாரம்.

முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிரீஷின் அத்தை விசாலாக்ஷி நிமிர்ந்தார். எண்பத்தாறு வயது.

"கரண்ட் வந்துடுத்தா?" என்றார் சத்தமாக.

"கரண்ட் போகவே இல்ல அத்தை," என்று ஸ்ரீரஞ்சனி மேடையிலிருந்து குனிந்து சொன்னார். "அது டேப்பு. கைதட்டறா."

"கைதட்டினா எனக்குத் தெரியாதாடி? இது கரண்ட் வந்த சத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். கிரீஷும் நூரும் சிரிக்கவில்லை. கிரீஷ் மேடையிலிருந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூர் பின்னால் அதே சுவரில் சாய்ந்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் கிரீஷ் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். பெங்களூரிலிருந்து வந்தவர்களுக்குத் தனியாகச் சொன்னார். பிறகு பின்பக்கம் கையைக் காட்டினார்.

"இத ரெக்கார்ட் பண்ணினவன் நூர். கச்சேரி ரோட்ல கண்ணாடிக் கடை வெச்சிருக்கான்."

வழக்கமான வாக்கியத்துக்காகக் கூட்டம் காத்திருந்தது. நூர் தலையை ஆட்டத் தயாராக இருந்தார். அது வரவில்லை. நடுவிலிருந்து யாரோ, "சோலோவத் தின்னது யாருன்னு சொல்லு!" என்று கத்தினார்.

"யாரும் திங்கல," என்றார் கிரீஷ். மைக்கை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டார். "அடுத்த பந்தி ரெடியாம். சாப்பிடப் போங்கோ."

கொஞ்சம் கைதட்டினார்கள். சாப்பாட்டுக்குப் போகிறவர்களின் கைதட்டல் என்று நூர் நினைத்தார். இந்த முறை நிச்சயமாகச் சொல்ல அவர் தயாராக இல்லை.

*

மறுநாள் திங்கட்கிழமை. நூர் முஹம்மது பத்து மணிக்குக் கடையைத் திறந்தார். பதினொன்றுக்கு லென்ஸ் பார்சல் வந்தது. எட்டு ஜோடியில் ஒன்றில் இடதும் வலதும் மாறியிருந்தது. அதைத் திருப்பி அனுப்பினார்.

பன்னிரண்டு மணிக்கு கிரீஷ் வந்தார். முந்திய நாள் கூட்டத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு ஸ்க்ரூ விழுந்துவிட்டது. நூர் வேறு ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தார். கிரீஷ் மாட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். கால் மணி நேரம் இருந்தார். மண்டபத்தில் ரசம் உப்பாக இருந்தது பற்றிப் பேசினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நூர் நோட்டை எடுத்தார். வெள்ளைத்துரையின் கேசட்டுக்கு 413 என்று எண் போட்டு, 'மிக்ஸர் டேப், 22 வினாடி சோலோ, நன்றாக இருக்கிறது' என்று எழுதினார். கடைசிப் பக்கங்களுக்குப் போய் முதலிடத்தில் இருந்ததை ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில் 'கரண்ட் வந்தது' என்று எழுதினார். இரண்டாவது இடத்தில் இருந்த ராட்டர்டாம் கைதட்டல் முதலாவதாயிற்று. மற்ற எண்களையும் ஒவ்வொன்றாக மாற்றினார்.

மூன்று இருபதுக்கு லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் நின்றது. மூன்று நாற்பதுக்குத் திரும்ப ஓடியது. தெருவில் எல்லாக் கடையிலும் விளக்குக்கு இன்வெர்ட்டர் இருந்தது. யாரும் கத்தவில்லை. நூர் எட்டரைக்குக் கடையைப் பூட்டினார்.